எச்சில் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கலாமா? எக்சோசோமும் வாய்ப்புற்றும்

9 ஏப்ரல் 2025, மாலை. கேள்வி, பாம்பன் வாசகர்

அப்பாவுக்கு 58 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண், பொங்கலுக்கு முன்பிருந்தே இருக்கிறது. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் பார்த்தாயிற்று. ராமநாதபுரத்தில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அப்பா மறுக்கிறார். சென்னையில் படிக்கும் மச்சான், எக்சோசோம் என்று ஒன்று வந்திருக்கிறது, எச்சிலை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம், சதை எடுக்கவே வேண்டாம், அது நம் ஊருக்கு வரும்வரை பொறுக்கலாம் என்கிறான். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, அப்பா வீட்டில்தான் இருப்பார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஏப்ரல், இரவு

பொறுக்காதீர்கள் தம்பி. மற்றதையெல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆற வேண்டும், ஆறவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். பொங்கலுக்கு முன்பிருந்து இருக்கிற புண்ணுக்கு எந்தக் கீரையும் மருந்தாகாது. பல் டாக்டர் சொன்னதுதான் சரி.

நான் மருத்துவர் இல்லை. எச்சிலிலிருந்து எக்சோசோம் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள், ஊர் தங்கச்சிமடம். உங்கள் மச்சான் சொல்லும் பரிசோதனையின் அடுப்படியிலேயே நின்றிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

10 ஏப்ரல்

மச்சான் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பேசினால் அவர் என் பேச்சைக் கேட்கமாட்டார். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் வெளியே சிறு பைகளை விட்டுக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குள் ஒரு பெரிய பை, அதற்குள் பல குட்டிப் பைகள் உருவாகும். பெரிய பை செல்லின் ஓரத்துக்கு வந்து சவ்வோடு ஒட்டித் திறந்ததும் குட்டிப் பைகள் வெளியே கொட்டும். அவைதான் எக்சோசோம். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். சராசரியாக 100 என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 10,000 வரிசையாக நிற்கும். பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. ரத்தத்தில், எச்சிலில், சிறுநீரில், தாய்ப்பாலில்கூட இருக்கிறது.

1983-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைப் பார்த்தன. கனடாவின் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு செம்மறியாட்டு ரத்தத்தில், அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழு எலி ரத்தத்தில். முதிராத சிவப்பணு, முதிரும்போது தனக்கு இனித் தேவைப்படாத ஒரு புரதத்தை இந்தப் பைகளில் போட்டு வெளியேற்றிவிடுகிறது. அதனால் ரொம்ப காலத்துக்கு இதைச் செல்லின் குப்பை என்றே பலரும் நினைத்தார்கள். 1996-இல், நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் எக்சோசோம் வேறு எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடுவது தெரிந்தது. 2007-இல் சுவீடனில் ஒரு குழு இந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ., அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு, இருப்பதைக் காட்டியது. எலிச் செல்லின் எக்சோசோமை மனிதச் செல்லுக்குக் கொடுத்தார்கள், மனிதச் செல் எலிப் புரதத்தைச் செய்தது. குப்பை என்ற எண்ணம் அதோடு போயிற்று. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத சோதனை இது.

11 ஏப்ரல்

"அப்படியானால் எக்சோசோம் என்றாலே கெட்டதா?" என்று கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்கிறார். இல்லை. நல்ல செல்லும் விடுகிறது, கெட்டுப்போன செல்லும் விடுகிறது. யார் அனுப்பியது, உள்ளே என்ன இருக்கிறது, யாரிடம் போய்ச் சேர்ந்தது, அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன், இன்றைக்குக் கொஞ்சம் நீளும்.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கு, சைனஸ் இவற்றில் வருவதையெல்லாம் சேர்த்துத் தலை–கழுத்துப் புற்று என்கிறார்கள். பத்தில் ஒன்பது, உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் தட்டைச் செல்களில் தொடங்குவது. மேல்நாடுகளில் இப்போது எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்று கூடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் இன்னும் பெரும்பங்கு வாய்ப்புற்று, காரணம் புகையிலையும் பாக்கும். 2022-க்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவில் மட்டும் உதடு, வாய்ப் புற்று ஓராண்டில் 1,40,000 பேருக்கு மேல். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இருபது வருடத்துக்கு முன்பே முதல் வகையில் சேர்த்துவிட்டது. "நான் போயிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்" என்று சொல்லிக்கொள்ளும் நம் அத்தைமார் இதைக் கேட்க வேண்டும்.

கன்னத்தில் ஒரு கட்டி உண்டாகிவிட்டது என்று வையுங்கள். அதன் செல்கள் விடும் எக்சோசோம் என்ன செய்கிறது?

பக்கத்தில் இருக்கும் நார்ச்செல்களை மாற்றுகிறது. காயம் ஆற்றுவதற்காக இருக்கும் அந்தச் செல்கள் கட்டிக்குத் துணைபோகத் தொடங்கிவிடுகின்றன. கட்டி பெருத்து நடுவில் பிராணவாயு குறைந்ததும், வாய்ப்புற்றுச் செல்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 என்ற சரக்கைக் கூடுதலாக ஏற்றி அனுப்புகின்றன. வாங்கிக்கொள்ளும் செல்கள் நகரவும் ஊடுருவவும் தொடங்குகின்றன. இதை 2016-இல் காட்டினார்கள். 2018-இல் அமெரிக்காவில் இன்னொன்று: தலை–கழுத்துக் கட்டி விடும் எக்சோசோம், நரம்பு இழைகளைக் கட்டிக்குள் வளர வைக்கிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது எதிர்ப்புச் சக்தி பற்றியது. புற்றுச் செல்லைக் கொல்ல வரும் டி-செல்லின் மேல் பி.டி.-1 என்ற புரதம் இருக்கிறது. அதில் பி.டி.-எல்1 என்ற இன்னொரு புரதம் வந்து பொருந்தினால் டி-செல் அடங்கிவிடும். கட்டி தன் மேல் பி.டி.-எல்1-ஐ வைத்துக்கொள்கிறது என்பது முன்பே தெரியும். எக்சோசோமின் மேலும் வைத்து ரத்தத்தில் அனுப்புகிறது என்பது பின்னால் தெரிய வந்தது. பிட்ஸ்பர்க்கில் தெரசா வைட்சைடு குழு 2018-இல் தலை–கழுத்துப் புற்று நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தது. நோய் தீவிரமாக இருந்தவர்களின் எக்சோசோமில் பி.டி.-எல்1 அதிகம், அந்த எக்சோசோம் டி-செல்களை அடக்கியது. டி-செல் கட்டியின் பக்கத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை, ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே அதை மடக்கிவிடலாம்.

அப்புறம் தூரத்து இடங்கள். சீசனுக்கு வேறு கரைக்குப் பெயர்கிறவர்கள் நாலு பேரை முன்னால் அனுப்பி வாடி, அதாவது தங்கும் குடிசை, போடச் சொல்வார்கள், பிறகுதான் வலையும் சட்டிபானையும் போய்ச் சேரும். புற்றும் அதைத்தான் செய்கிறது. எக்சோசோம் முன்னால் போய் அந்த இடத்தின் செல்களை மாற்றி வைக்கிறது, செல்கள் பின்னால் வந்து குடியேறுகின்றன. 2015-இல் டேவிட் லைடன் குழு காட்டியது இதைத்தான். எக்சோசோமின் மேலுள்ள ஒட்டுப் புரதம் எது என்பதைப் பொறுத்து அது நுரையீரலுக்குப் போகிறதா, ஈரலுக்குப் போகிறதா என்பது மாறுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மார்பகம், கணையம் போன்ற வேறு புற்றுகள். எனவே வாய்ப்புற்றுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது, போக்கு மட்டும் இதுதான்.

14 ஏப்ரல்

சித்திரை ஒன்று, எல்லோருக்கும் வாழ்த்து.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஏர்வாடியிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: "இவ்வளவு அனுப்பும் என்றால் கத்தி வைத்தால் இன்னும் அதிகமாக அனுப்பாதா? பெரியவர் பயப்படுவது நியாயம்தானே?"

அண்ணே, நான் எழுதியதிலிருந்து வரும் முடிவு அதற்கு நேர் எதிர். கட்டி யாரும் கத்தி வைக்கும் வரை காத்திருக்கவில்லை. தொடாமல் வைத்திருந்த ஒவ்வொரு நாளும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. அரிசி அளவு சதை எடுப்பது பரவலுக்குக் காரணமில்லை. பரவுவது, எடுக்க வேண்டியதை எடுக்காமல் விட்ட மாதங்களால்.

பெரியப்பாவைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் எழுதாமலும் முடியவில்லை. கீழ்த்தாடையில், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் அவர் எப்போதும் புகையிலையை ஒதுக்கி வைப்பார். புண் வந்ததும் அங்கேதான். சூடு என்றார்கள், கடைசிப் பல் குத்துகிறது என்றார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஆறவில்லை. மருந்துக்கடையில் ஜெல் வாங்கிப் பூசிக்கொண்டே இருந்தார். தாடைக்குக் கீழே நெறி கட்டிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கே டாக்டர் முதலில் தொட்டுப் பார்த்தது வாயை இல்லை, கழுத்தை. "கத்தி வைத்ததால்தான் பரவியது" என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கத்தி வைப்பதற்கு முன்பே கழுத்தில் நெறி இருந்தது. நான் என் கையால் தொட்டுப் பார்த்தேன், கோலிக்குண்டு அளவு, வலியில்லை, நகரவும் இல்லை.

15 ஏப்ரல்

பாம்பன் தம்பி, தடைக்காலம் தொடங்கிவிட்டது, அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது என்ற கவலையும் இல்லை. புதுப் பாலம் திறந்து ரயிலும் ஓடுகிறது. இந்த வாரமே.

17 ஏப்ரல்

மச்சானே இங்கு வந்து கேட்டிருக்கிறார். மகிழ்ச்சி. அவர் கேள்வி: எச்சிலில் எக்சோசோம் இருக்கிறது, அதில் புற்றின் அடையாளமும் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, பிறகு ஏன் பரிசோதனையாக வரவில்லை?

நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். காலையில் பல் துலக்காமல், சாப்பிடாமல் வரச் சொல்வோம். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, தானாக ஊறும் எச்சிலைக் குழாயில் வடியவிட வேண்டும், காறித் துப்பக்கூடாது. குழாய் ஐஸில் இருக்க வேண்டும். முதலில் மெதுவாகச் சுழற்றுவோம், உதிர்ந்த செல்லும் சோற்றுத் துணுக்கும் அடியில் போகும். மேலே உள்ளதை எடுத்து வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. கடைசிச் சுற்று புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முடிந்து குழாயை எடுத்தால் அடியில் ஒன்றும் இருக்காது. இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுழற்றுவதற்கு முன்பே குழாயின் வெளிச்சுவரில், எந்தப் பக்கம் படியுமோ அந்தப் பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுவோம். நீரைக் கொட்டிய பிறகு அந்தப் புள்ளிக்கு நேராகத்தான் கழுவி எடுக்க வேண்டும். புள்ளி வைக்க மறந்தால் காலையிலிருந்து பட்ட பாடு வீண்.

இதில் சிக்கல் எங்கே என்றால், எச்சில் கொழகொழப்பானது, வடிகட்டியை அடைக்கும். வெற்றிலை போடுகிறவர்களின் எச்சில், கொப்பளித்த பிறகும் செம்மண் நிறத்தில் வரும், நிறம் சில அளவீடுகளைக் கெடுக்கும். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் ரத்தத்தின் எக்சோசோமும் கலந்துவிடும். வாயில் உள்ள பாக்டீரியாக்களும் இதே அளவில் பைகளை விடுகின்றன. ஆக நாம் பிடித்ததில் எது எக்சோசோம், எது வேறு நுண்பை என்று சொல்வதே ஒரு வேலை. அதற்காகவே இந்தத் துறையினர் கூடி 2014, 2018, 2023 என்று மூன்று முறை வழிமுறைகள் வெளியிட்டிருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஓர் ஆய்வகத்தில் வரும் கணக்கும் இன்னோர் ஆய்வகத்தில் வரும் கணக்கும் ஒத்துவருவது கடினம்.

அமெரிக்காவில் ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்குச் சிறுநீர் எக்சோசோமை வைத்து ஒரு பரிசோதனை நடைமுறையில் உள்ளது. அதுவும் பயாப்சி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது, தேவையா என்று முடிவெடுக்க உதவுவதுதான், பயாப்சிக்கு மாற்று இல்லை. புராஸ்டேட் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, அங்கே இப்படி ஒரு வழி தேவைப்படுகிறது. உங்கள் மாமாவின் புண் கன்னத்தில் இருக்கிறது. டார்ச் அடித்தால் தெரிகிறது, பத்து நிமிடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம். இதற்கு எதற்கு ஒரு லட்சம் மடங்கு விசை?

எச்சில் பரிசோதனை வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அறுவைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று பார்க்க, வாயில் வெள்ளைத் திட்டு உள்ளவர்களில் யாருக்கு அது புற்றாக மாறும் என்று பார்க்க, அது பெரிய உதவியாக இருக்கும். வரும்வரை பொறுத்திருக்கும் புண் இல்லை இது.

22 ஏப்ரல்

தம்பியிடமிருந்து தகவல்: அப்பா சம்மதித்துவிட்டார். சதை எடுத்தாயிற்று. சம்மதிக்க வைத்தது என் குறிப்பு இல்லை. அவருடைய படகு ஓட்டுநர், "நீ டெஸ்ட் பண்ணாமல் என் போட்டில் ஏறாதே" என்று சொன்னாராம். அந்த மனிதருக்கு என் வணக்கம்.

25 ஏப்ரல்

கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி. தொண்டியிலிருந்து ஒருவர் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, "கரண்ட் வைத்த செல் விடும் எக்சோசோம் மற்ற புற்றுச் செல்லைப் பிழைக்க வைக்கிறதாமே, அப்படியானால் கரண்ட் வேண்டாமா?" என்கிறார்.

ஜெர்மனியில் செய்த ஆய்வு அது. தட்டில் வளர்த்த தலை–கழுத்துப் புற்றுச் செல்களில் பார்த்தது. கதிர் பட்ட செல்களின் எக்சோசோமை வாங்கிய செல்கள் கூடுதலாகப் பிழைத்தன, கூடுதலாக நகர்ந்தன. உண்மைதான். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு அடங்காத செல்கள், அந்தப் பிடிவாதத்தை எக்சோசோம் வழியாக மற்ற செல்களுக்குக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இந்த ஆய்வுகள் எதற்கு? கரண்டும் கீமோவும் சிலருக்கு ஏன் முழுப் பலன் தருவதில்லை, அதை எப்படிச் சரிசெய்வது என்று தேடுவதற்கு. பலன் தருகிறது என்பதைப் பல ஆயிரம் நோயாளிகளிடம் பல வருடம் பார்த்து உறுதி செய்தாயிற்று. தட்டில் பார்த்த ஒன்றை வைத்து அதை மறுப்பது ஆபத்து. சிகிச்சையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், ஒரு நாள் கரண்டையும் விட்டுவிடாதீர்கள். இடையில் விடுவதால் வரும் கெடுதல் நிச்சயமானது.

3 மே

இந்த இழையில் யாரோ ஒரு விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள், "எக்சோசோம் ஊசி, புற்றுநோய்க்கும் முடி உதிர்வுக்கும்". எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். புற்றைக் குணப்படுத்தும் எக்சோசோம் ஊசி என்று அங்கீகாரம் பெற்றது எதுவும் கிடையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே இப்படிப்பட்ட எக்சோசோம் ஊசிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது, போட்டுக்கொண்ட சிலருக்குக் கடும் பாதிப்பு வந்ததால். எக்சோசோமுக்குள் மருந்தை ஏற்றி அனுப்ப முடியுமா என்று நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. அவை ஆய்வுகள். நகையை அடகு வைத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை.

4 மே

பி.டி.-1 ஊசி, அதாவது பி.டி.-1-ஐ மறித்து டி-செல் அடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து, அதுவும் போலி என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். இல்லவே இல்லை. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் 2016-இல் அமெரிக்காவில் தலை–கழுத்துப் புற்றுக்கு அங்கீகாரம் பெற்றவை, டாக்டர்கள் எழுதிக்கொடுப்பவை. விலை அதிகம், எல்லோருக்கும் கேட்பதுமில்லை. ஏன் கேட்பதில்லை என்பதற்குள்ள காரணங்களில் ஒன்றாக, ரத்தத்தில் சுற்றும் பி.டி.-எல்1 எக்சோசோமைச் சந்தேகிக்கிறார்கள். ஏப்ரல் 13 குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

11 மே

பல் டாக்டரான தோழி ஒருத்தி எங்கள் கரையில் வாய் பார்க்க வந்தாள், கூடப் போயிருந்தேன். தடைக்காலம், படகுகளெல்லாம் கரையேறி நிற்கின்றன, ஆட்கள் பந்தலின் கீழ் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் யாரும் எழுந்து வரவில்லை. அவளே அவர்களுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, "அண்ணே, மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடுங்கள்" என்றாள். விளையாட்டாக எல்லோரும் விட்டார்கள். ஒரு பையனுக்கு இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாக்குப் பொட்டலம் போடுகிறவன். உள்ளே கன்னம் வெளுத்து, தடவினால் நார்நாராக விரலில் தட்டுகிறது என்றாள். காரம் சாப்பிட முடியவில்லை என்று அவன் அம்மா தனிச் சட்டியில் குழம்பு வைக்கிறாராம், ஆனால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அது வாயின் உள்தோல் நாராக இறுகும் நோய், பின்னால் புற்றாக மாறக்கூடியது. பாக்கை இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம். குட்கா, பான்மசாலாவைத் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது, பொட்டலம் இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது.

வீட்டில் பார்ப்பதற்கு: நல்ல வெளிச்சம், செல்போன் டார்ச் போதும். இரண்டு கன்னத்தின் உள்பக்கம், கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுப் பள்ளம், நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும், நாக்கைத் தூக்கி அடியிலும். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டாகத் தெரியும் சிவப்புத் திட்டு, ஆறாத புண், தடிப்பு. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது.

"டார்ச் அடித்துப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்களுக்கு: திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இப்படித்தான் பார்த்தார்கள். டாக்டர் சங்கரநாராயணன் குழு 2005-இல் முடிவை வெளியிட்டது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. எக்சோசோம் ஆய்வில் இவ்வளவு வருடம் இருந்த எனக்கு, இந்த ஒரு எண்ணைவிடப் பெரிதாக எங்கள் துறை இன்னும் எதையும் கொடுக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

19 மே

ரிப்போர்ட் வந்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். புற்றுதான். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், ஸ்கேனில் கழுத்தில் நெறி எதுவும் தெரியவில்லை. மதுரையில் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டில் செய்யலாம் என்றிருக்கிறார்கள்.

தம்பி, ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஆனால் இது ஆரம்ப நிலை, என் பெரியப்பாவுக்குக் கிடைக்காத நிலை. அப்பாவிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள், பெயரைச் சொல்லிவிடுங்கள். கடலில் எத்தனையோ பார்த்தவர், தாங்குவார்.

8 ஜூன்

தம்பியின் கேள்வி: "புண் கன்னத்தில்தானே, கழுத்தில் ஒன்றும் இல்லை என்று ஸ்கேனும் சொல்கிறது, பிறகு ஏன் கழுத்தையும் திறந்து நெறிகளை எடுக்க வேண்டும் என்கிறார்கள்? அப்பா இதைக் கேட்டு மறுபடி பின்வாங்குகிறார்."

ஸ்கேனில் தெரியாத அளவில் செல்கள் கழுத்தின் நிணநீர் முடிச்சுக்கு, நாம் நெறி என்கிறோமே அதற்கு, போயிருக்கலாம். ஏப்ரல் 13-இல் எழுதிய வாடி விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்புற்றுக்கு முதல் வாடி பெரும்பாலும் கழுத்துதான். ஆனால் அப்பாவுக்கு எக்சோசோமைச் சொல்லி விளக்க வேண்டாம், அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'குரூஸ் குழு, ஆரம்ப நிலை வாய்ப்புற்று உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு முதல் அறுவையிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு நெறி வந்தால் எடுக்கலாம் என்று கண்காணித்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5. நம் நாட்டு நோயாளிகளிடம் பார்த்தது, பாக்கும் புகையிலையும் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்த கூட்டம். உலகம் முழுக்க அறுவை செய்பவர்கள் இன்றைக்கு இதைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அப்பாவிடம் இந்த இரண்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

தோள் கொஞ்ச நாள் இறுக்கமாக இருக்கும், கையைத் தூக்கச் சிரமப்படுவார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள், அதை விடாமல் செய்தால்தான் மறுபடி வலை இழுக்க முடியும்.

16 ஜூன்

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. அப்பா வார்டில் இருக்கிறார், அறுவை முடிந்தது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சியும் முட்டைக் கரைசலும் போகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். எல்லோரும் விசாரித்ததற்கு நன்றி சொல்லச் சொன்னார்.

2 ஜூலை

நெறிகளில் ஒன்றில் மட்டும் நுண்ணிய அளவில் புற்று இருந்ததாகத் திசு அறிக்கை. ஸ்கேனில் தெரியாதது. அன்றைக்குக் கழுத்தை விட்டிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். கரண்ட் வைக்க வேண்டுமா என்பதைக் கட்டியின் ஆழத்தையும் ஓரத்தையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள். வைக்கச் சொன்னால் தயங்காதீர்கள்.

மச்சான் ஒன்று கேட்டார், இனி மற்ற கன்னம் பத்திரம்தானே என்று. இல்லை. 1953-இலேயே எழுதிவைத்த விஷயம்: பல வருடம் புகையிலை பட்ட வாயில் புண் வந்த இடம் மட்டும் கெட்டிருப்பதில்லை, சுற்றியுள்ள தோல் முழுக்க மாற்றம் தொடங்கியிருக்கும். புதிதாக இன்னோர் இடத்தில் வரலாம். அதனால் முதல் வருடம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், ஊரில் திருவிழா என்றாலும் சீசன் என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. வெற்றிலைப் பெட்டி வீட்டில் இருக்கக் கூடாது, அம்மா போடுகிறவராக இருந்தால் அவரும் நிறுத்த வேண்டும். தனியாக நிறுத்த முடியவில்லை என்றால் 1800 11 2356, புகையிலையை விட உதவும் அரசு எண், கட்டணமில்லை. அப்புறம், அப்பாவோடு ஒரே படகில் போய் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துப் போட்டவர்கள் இருப்பார்கள். அந்தப் படகு ஓட்டுநர் உட்பட எல்லோரையும் அடுத்த முறை கரைக்கு வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். தோழியை மறுபடி அழைத்து வருகிறேன், நாளை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.